கன்ஸ்மோக் முழுத் தொகுப்பு: நடிகர்களுக்காகப் பார்க்க வேண்டிய கௌபாய் தொடர்

அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சியில் 1955 செப்டம்பர் 10 அன்று தொடங்கி 1975 மார்ச் 31 வரை ஒளிபரப்பான ‘கன்ஸ்மோக்’ தொடரின் 635 அத்தியாயங்களும் டிவிடி தொகுப்பாகக் கிடைக்கின்றன. இருபது பருவங்கள் கொண்ட இவ்வளவு பெரிய தொகுப்பை வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு, முதல் ஆறு பருவங்களுக்காகவே தயங்காமல் வாங்கலாம் என்பது என் பதில். 1961 வரை அரை மணி நேர அளவில், கறுப்பு வெள்ளையில் வந்த அந்த 233 அத்தியாயங்களில்தான் இத்தொடரின் நடிகர்கள் முழு வீச்சில் வெளிப்படுகிறார்கள்.

கதை நிகழும் இடம் 1870களின் கன்சாஸ் மாநிலத்து டாட்ஜ் சிட்டி. டெக்சாஸிலிருந்து மாட்டு மந்தைகளை ஓட்டி வருபவர்கள் கையில் கூலியும் இடுப்பில் துப்பாக்கியுமாக வந்து இறங்கும் அந்த ஊரில் சட்டத்தைக் காப்பவர் மார்ஷல் மாட் டில்லன். முதல் அத்தியாயத்தை கௌபாய் படங்களின் நாயகன் ஜான் வெய்ன் திரையில் தோன்றி அறிமுகப்படுத்துகிறார்; அடுத்து வரும் கதையில் கதாநாயகனே சுடப்பட்டு விழுகிறார். அவரைச் சுட்ட டான் கிராட், டில்லனைவிட வேகமாகத் துப்பாக்கியை உருவக்கூடியவன். ஆனால் அவனுக்கு வேகம் இருக்கும் அளவுக்குக் குறி இல்லை என்பதையும், அதனால்தான் எதிராளியை மிக நெருங்கி வந்து சுடுகிறான் என்பதையும் படுக்கையில் கிடந்தபடி யோசித்து அறிந்துகொள்ளும் டில்லன், மறுமுறை அவனை நெருங்க விடாமல் தள்ளி நின்று வெல்கிறார். வேகத்தைவிட நிதானத்தை நம்பும் இந்தக் கதையே தொடரின் இயல்பை முதல் நாளிலேயே காட்டிவிடுகிறது.

டில்லனாக நடித்த ஜேம்ஸ் ஆர்னஸின் உயரம் 6 அடி 7 அங்குலம். இரண்டாம் உலகப் போரில், 1944இல் இத்தாலியின் அன்சியோவில் காலில் குண்டடி பட்டவர். அந்தக் காலின் வலி வாழ்நாள் முழுவதும் நீடித்தது. இவ்வளவு பெரிய உருவம் கொண்டவர் மிரட்டி நடிப்பதுதான் எளிது. ஆர்னஸ் அதைச் செய்வதில்லை. அவர் எதிரில் நிற்பவன் பேசி முடிக்கும்வரை கேட்கிறார். கொல்ல நேரும்போது அவர் முகத்தில் வெற்றியைவிடச் சோர்வே அதிகம் தெரிகிறது. 1952 முதல் வானொலியில் இதே பாத்திரத்துக்குக் குரல் கொடுத்த வில்லியம் கான்ராடின் கனத்த குரல் நேயர்களின் மனத்தில் பதிந்துபோயிருந்த நிலையில், அதைப் போலச் செய்ய முயலாமல் தமது அமைதியாலேயே அந்தப் பாத்திரத்தைத் தமதாக்கிக்கொண்டது ஆர்னஸின் பெரிய சாதனை.

மருத்துவர் ஆடம்ஸாக வரும் மில்பர்ன் ஸ்டோன் கன்சாஸிலேயே பிறந்தவர். சுடப்பட்டவர்களெல்லாம் கடைசியில் அவருடைய மேசைக்கே வந்து சேர்வதால், துப்பாக்கிச் சண்டையின் விலையை நமக்குக் காட்டுபவரும் அவரே. மீசையைத் தடவியபடி அவர் எரிந்து விழும்போது அதற்குள் இருக்கும் பரிவு நமக்குப் புரிகிறது. 1968இல் அவருக்குக் கிடைத்த, அமெரிக்கத் தொலைக்காட்சிக்கான எம்மி விருது மிகவும் தாமதமாக வந்தது என்றே சொல்வேன். காலை இழுத்து நடக்கும், டில்லனின் உதவியாளர் செஸ்டராக வந்த டென்னிஸ் வீவர், 1948 ஒலிம்பிக் அணித் தேர்வில் டெகாத்லான் எனும் பத்துப் போட்டிகள் கொண்ட பிரிவில் போட்டியிட்ட தடகள வீரர். அவ்வளவு உடற்கட்டு உள்ளவர் ஒரு கால் மடங்காத மனிதராக ஆண்டுக்கணக்கில் நடந்ததில் சிறு பிசகுகூடத் தெரியவில்லை. அவர் விலகிய பிறகு அந்த இடத்தை நிரப்பிய கென் கர்டிஸ் தேர்ந்த பாடகர். அந்த இனிய குரலை மறைத்துக் கரகரப்பாகப் பேசும் ஃபெஸ்டஸை அவர் படைத்தார். மருத்துவருக்கும் ஃபெஸ்டஸுக்கும் இடையே ஓயாமல் நடக்கும் வாய்ச்சண்டைகளுக்காகவே பிந்தைய பருவங்கள் பலவற்றைப் பார்க்கலாம்.

லாங் பிராஞ்ச் மதுக்கூடத்தை நடத்தும் கிட்டியாக அமண்டா பிளேக் 19 பருவங்கள் நடித்தார். டில்லனுக்கும் கிட்டிக்கும் உள்ள அன்பு ஒருபோதும் திருமணத்தில் முடிவதில்லை. பெரும்பாலும் அது வசனத்திலும் வருவதில்லை. டில்லன் ஆபத்தை நோக்கிப் புறப்படும்போது கிட்டி அவரைப் பார்க்கும் பார்வையில் உறவு முழுவதையும் பிளேக் சொல்லிவிடுகிறார். இத்தகைய நடிகைக்குக் கதாசிரியர்கள் இன்னும் அதிக இடம் கொடுத்திருக்க வேண்டும்.

அத்தியாயங்கள் 1961இல் ஒரு மணி நேரமாக நீண்டன. 1966இல் வண்ணம் வந்தது. 1967இல் சிபிஎஸ் நிறுத்த முடிவு செய்த தொடரை அதன் தலைவர் வில்லியம் பேலி தலையிட்டுக் காப்பாற்ற, திங்கட்கிழமை இரவுக்கு மாறிய அது மீண்டும் முன்னணிக்கு வந்தது. ஆயினும் வண்ணப் பருவங்களில் கதைகள் டாட்ஜைவிட்டு வெளியே அலைகின்றன. வாரந்தோறும் வரும் விருந்தினர் நடிகரே மையமாகிவிட, டில்லன் ஓரத்துக்குத் தள்ளப்படுகிறார். தூக்கிலிடப்பட்ட கணவனுக்காகப் பழிவாங்க வரும் பெண்ணாக பெட்டி டேவிஸ் நடித்த 1966ஆம் ஆண்டு அத்தியாயம் இதற்கு உயர்ந்த விதிவிலக்கு. இன்று பார்க்கையில் பெருங்குறையாகத் தெரிவது அமெரிக்கப் பழங்குடி மக்களைக் காட்டிய விதம். பாதி கமாஞ்சி இனத்தவராகச் சித்திரிக்கப்பட்ட கொல்லர் குவின்ட் பாத்திரம் பர்ட் ரெனால்ட்ஸுக்குத் தரப்பட்டது. அவர் நேர்மையாகவே நடித்திருக்கிறார். ஆனால் அம்மக்களின் குரல் அவர்களிடமிருந்தே வந்திருக்க வேண்டும்.

அதே காலத்துக் கௌபாய் தொடர்களில் ‘பொனான்சா’ வண்ணத்தாலும் குடும்பப் பாசத்தாலும் கவர்ந்தது. ‘ராஹைட்’ இளம் கிளின்ட் ஈஸ்ட்வுட்டை உலகுக்குக் காட்டியது. இரண்டையும் விரும்புகிறேன். ஆனால், ஒரே ஊரில் சேர்ந்து முதுமையடையும் மனிதர்களைப் பார்க்கும் நிறைவை ‘கன்ஸ்மோக்’ மட்டுமே எனக்குத் தந்தது.

இத்தொகுப்பு வட அமெரிக்காவுக்கான முதல் மண்டலத் தகடுகளாக வெளிவந்தது; பிற மண்டலங்களுக்கான கருவிகளில் இவை ஓடாமல் போகலாம். எனவே, நம் நாட்டில் வாங்குவோர் எல்லா மண்டலத் தகடுகளையும் ஏற்கும் கருவி தங்களிடம் உள்ளதா என்று முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும். முழுத் தொகுப்புக்குப் பணம் போதாதவர்கள் தனித்தனிப் பருவங்களாக வெளிவந்தவற்றில் முதல் பருவத்தை மட்டும் வாங்கித் தொடங்கலாம்.