கொடைக்கானல் வாடகை வீட்டுக்கு 300 டி.சி. வெள்ளை பெட்ஷீட்: துணி அருமை, நீளம்தான் கோபம்

கொடைக்கானலில் வீட்டை விடுமுறை வாடகைக்கு விடத் தயாராகும் நண்பர் ஒருவர் கேட்டார்: "300 டி.சி. போதுமா, 400 எடுக்கணுமா?" டி.சி. என்றால் நூல் எண்ணிக்கை. அங்கே சில வருடங்களாகப் புழக்கத்தில் இருக்கும் வெள்ளைப் பருத்தி பெட்ஷீட்களை வைத்தே பதில் சொல்கிறேன். 300 டி.சி., பெர்கேல் நெசவு (ஒரு நூல் மேலே, ஒரு நூல் கீழே போகும் சாதா நெசவு), லேபிளில் 108க்கு 108 அங்குலம். மெத்தை 72க்கு 78 கிங், உயரம் 8 அங்குலம். டி.சி.யைப் பற்றிக் கவலையே வேண்டாம். நீளத்தைப் பாருங்கள்.

பல ரெடிமேட் விரிப்புகளில் லேபிளில் போட்டிருப்பது வெட்டிய அளவு. தைத்து முடித்த அளவு இல்லை. தலைமாட்டு ஓரத்தை அகலமாக மடித்துத் தைக்க 4 அங்குலம் போகிறது, கால்மாட்டில் ஓர் அங்குலம். பையிலிருந்து எடுக்கும்போதே 108 என்பது 103. அடுத்தது சலவை. முன்சுருக்கம் செய்யாத பருத்தி, முதல் சில சலவைகளில் 3 முதல் 5 விழுக்காடு வரை சுருங்கும். தறியில் பாவு நூல், அதாவது நீளவாக்கு நூல், இழுத்துக் கட்டப்பட்டு நிற்பதால் நீளவாக்கில்தான் சுருக்கம் அதிகம். 4 விழுக்காடு என்று வைத்தால் 103 என்பது 99க்கு வந்து நிற்கும்.

இப்போது மெத்தைக் கணக்கு. நீளம் 78, இரண்டு முனையிலும் இறங்க 8+8, மொத்தம் 94. மிச்சம் 5 அங்குலம். தலைமாட்டில் இரண்டரை, கால்மாட்டில் இரண்டரை; மெத்தைக்கு அடியில் செருக இருப்பது அவ்வளவுதான். படுத்தவர் இரண்டு முறை புரண்டால் உருவிக்கொண்டு வந்துவிடும். நிற்க வேண்டுமென்றால் முனைக்கு ஐந்தரை, ஆறு அங்குலமாவது செருக வேண்டும். மெத்தை 10 அங்குல உயரம் என்றால் கேட்கவே வேண்டாம், முனைக்கு அரை அங்குலம்தான் மிஞ்சும். காசு கொடுத்து வந்து தங்குபவர், விடிந்ததும் வெற்று மெத்தை மேல் கிடப்பது என்ன நியாயம்? முடித்த அளவை லேபிளில் அச்சடிக்க ஒரு வரி போதும். அதைச் செய்யாமல் இருப்பதுதான் எரிச்சலாக இருக்கிறது.

'டபுள்' என்ற பெயரில் விற்கும் 90க்கு 100 விரிப்பை இந்த மெத்தைக்கு எடுக்கவே எடுக்காதீர்கள். சலவைக்கு முன்பே பக்கத்துக்கு ஓர் அங்குலம்தான் மிஞ்சும். 48 அங்குல அகலக் கட்டிலுக்கு அது சரி.

ஏற்கெனவே 108க்கு 108 வாங்கிவிட்டவர்களுக்கு ஒரு வழி உண்டு. பன்னாவாக்கில், அதாவது துணியின் அகலவாக்கில், கரை அப்படியே இருப்பதால் அங்கே தையலுக்குத் துணி போகாது, சுருக்கமும் குறைவு. 3 விழுக்காடு போனாலும் 105 அங்குலம் மிஞ்சும். எனவே விரிப்பைக் குறுக்காகத் திருப்பிப் போடுங்கள். 105 நீளவாக்கில் வரும், முனைக்கு ஐந்தரை அங்குலம் செருகலாம். 99 அகலவாக்கில் வரும்; மெத்தைக்கு 72+16, அதாவது 88 போக அங்கேயும் பக்கத்துக்கு ஐந்தரை. அகலமான தையல் ஓரம் தலைமாட்டில் இல்லாமல் பக்கவாட்டில் போய்விடும். செருகிய பிறகு அது யார் கண்ணிலும் படாது.

டி.சி. பற்றிச் சுருக்கமாக: ஒரு சதுர அங்குலத்தில் பாவும் குறுக்கே ஓடும் ஊடையுமாக எத்தனை இழை என்பதுதான் அந்த எண். 60-ஆம் நம்பர் (நூலின் மென்மையைக் குறிக்கும் எண்) ஒற்றை இழை, கோம்ப்டு (குட்டை இழைகளைச் சீவி நீக்கிய) பருத்தி, 300 என்றால் பெர்கேலுக்கு அது தாராளம். 600, 1000 என்று போட்டிருந்தால், பெரும்பாலும் முறுக்கிய இரட்டை இழையை இரண்டாக எண்ணியிருப்பார்கள். துணி கனக்கும், காய நேரமாகும். பளபளக்கும் சாட்டின் நெசவு தொட்டால் இதம்தான். ஆனால் நெசவில் நூல் நாலு இழைகளைத் தாண்டி மிதப்பதால் கால் நகமும் ஜிப்பும் பட்டு இழுபடும். ஆள் மாறிக்கொண்டே இருக்கும் கட்டிலுக்கு அது வேண்டாம்.

பாலிகாட்டன், அதாவது பாலியெஸ்டர் கலந்த பருத்தி, சீக்கிரம் காயும், இஸ்திரி குறைவு. கொடைக்கானலில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழையும் பனியும் மூடியிருக்கும்போது அந்த ஆசை எல்லோருக்கும் வரும். ஆனால் பாலியெஸ்டர் எண்ணெயை விடாது. தேங்காய் எண்ணெய் தடவிய தலை பட்ட தலையணை உறையில் சிக்கு வாடை தங்கிவிடும், கொஞ்ச நாளில் உருண்டை உருண்டையாகப் பிசிறும் எழும்பும். பருத்தியில் சுடுநீரும் சோப்பும் எண்ணெயை எடுத்துவிடும். குறிப்பாகத் தலையணை உறை முழுப் பருத்தியாகவே இருக்கட்டும். உறை மற்றதற்கு முன்பே கெடும். விரிப்பு மூன்று வாங்கினால் உறையை இரண்டு மடங்காகக் கணக்கிடுங்கள்.

துணியைக் குறை சொல்ல முடியாது. புதிதில் காகிதம் போல மொடமொடப்பாக இருந்தது, துவைக்கத் துவைக்க மெதுவாகிக்கொண்டே போகிறது. நடுப்பகுதி நைந்து போகவில்லை, பிசிறு இல்லை, கொடியில் போட்டால் சாட்டினைவிட முன்னதாகக் காய்கிறது. இந்த ஒன்று எதிர்பாராத சந்தோஷம்.

மூலையில் எலாஸ்டிக் வைத்த ஃபிட்டட் ஷீட் வாங்கலாமே என்பார்கள். வெள்ளைத் துணிக்குக் குளோரின் பிளீச் போடுவது வழக்கம். அது எலாஸ்டிக்கைத் தின்றுவிடும். எலாஸ்டிக் தளர்ந்தால் மூலை கழன்றுகொள்ளும், மடிக்கவும் இஸ்திரி போடவும் தனிப் பாடு. கரூர் எக்ஸ்போர்ட் சர்ப்ளஸில் மலிவாகக் கிடைப்பவற்றில் அளவைக் கவனியுங்கள். அமெரிக்க கிங் 76க்கு 80, நம் 72 அங்குல மெத்தையில் தொளதொளக்கும். பிரிட்டிஷ் சூப்பர் கிங் 180க்கு 200 செ.மீ., அது கிட்டத்தட்ட நம் கிங் அளவே.

சாதாரண விரிப்பே போதும் என்பதற்கு இன்னொரு காரணம் கம்பளி. குளிருக்குக் கம்பளி கட்டாயம், ஆனால் ஆள் மாறும்போதெல்லாம் அதைத் துவைக்க முடியாது. கீழே ஒரு விரிப்பு, மேலே போர்த்த ஒன்று, அதன் மேல் கம்பளி, கம்பளிக்கு மேல் இன்னொன்று. தலைமாட்டில் நடு விரிப்பை ஓர் அடி அளவுக்கு மேலே மடித்துவிட்டால் கம்பளி யார் முகத்திலும் படாது. மூன்றும் ஒரே அளவு என்பதால் அலமாரியிலும் குழப்பமில்லை. கம்பளிக்குப் பதில் ரஜாய் (பஞ்சு அடைத்த போர்வை) என்றால், அதன் இரட்டை அடுக்கு உறையை மழைக்காலத்தில் காய வைப்பது பெரும்பாடு.

துவைக்கும்போது: சதுர மீட்டருக்கு 120 கிராம் துணி என்றால் ஒரு விரிப்பு ஏறத்தாழ 900 கிராம். 7 கிலோ மெஷினில் நான்குக்கு மேல் திணித்தால் முறுக்கிக்கொள்ளும், சோப்பு சரியாக அலசாது, வெள்ளை சாம்பலாகும். ரத்தக்கறைக்கு முதலில் பச்சைத்தண்ணீர் மட்டும். மஞ்சள் கறை சோப்பு பட்டதும் சிவக்கும், பயப்பட வேண்டாம். அலசி வெயிலில் போட்டால் வெளுக்கும். மருதாணி போகாது. இரும்பு கலந்த போர்வெல் தண்ணீரில் குளோரின் பிளீச் ஊற்றினால் பழுப்புத் திட்டு விழும். ஈரம் மிச்சமிருக்க மடித்து பிளாஸ்டிக் உறைக்குள் வைத்தால் கரும்புள்ளியாகப் பூஞ்சணம் பிடிக்கும், அது எளிதில் போகாது. கடைசி ஈரத்தை இஸ்திரிப் பெட்டியாலேயே எடுத்துவிடுங்கள். கட்டிலுக்கு மூன்று செட் கணக்கு. அங்கே மழைக்காலத்துக்கு நான்கு.

இவ்வளவு நல்ல துணியாக இருந்தும் இதே ரெடிமேட் விரிப்பை நண்பருக்கு வாங்கச் சொல்ல மாட்டேன். 108 அங்குலம் அல்லது அதற்கு மேல் பன்னா உள்ள இதே பெர்கேல் துணியை, கரூரிலோ ஈரோட்டிலோ மீட்டர் கணக்கில் எடுங்கள். முதலில் ஒரு மீட்டர் மட்டும் வாங்கி, அதில் 50 செ.மீ. சதுரம் ஒன்றை அழியாத பேனாவால் வரைந்து, மூன்று முறை துவைத்து, காய வைத்து, இஸ்திரி போட்டு அளந்து பாருங்கள். ஒரு செ.மீ. குறைந்தால் 2 விழுக்காடு சுருக்கம். நீளவாக்கில் இரண்டு செ.மீ.க்குமேல் குறைந்தால் வேறு துணி பாருங்கள். தேறினால் ஒரு விரிப்புக்கு 3 மீட்டர், அதாவது 118 அங்குலம். இரு முனையிலும் ஒரே மாதிரி 2 அங்குலம் தைக்கச் சொல்லுங்கள், 114 வரும். 4 விழுக்காடு சுருங்கினாலும் 109 நிற்கும், முனைக்கு ஏழரை அங்குலம் செருகலாம். தையல்காரரிடம் ஓரத்துக்குப் பருத்தி நூல் வேண்டாம், பாலியெஸ்டர் நூல் போடச் சொல்லுங்கள். பிளீச்சில் துணிக்கு முன் தையல் விட்டுப்போகாது.