எடின்பரோவில் ‘ஐலா விஸ்கி டேஸ்டிங்’ போகிறவர்கள் கவனத்துக்கு

ஸ்காட்லாந்து வந்து, புகை வாசமுள்ள விஸ்கிக்குப் பேர்போன ஐலா தீவு வரை போக நேரமில்லாமல், எடின்பரோவிலேயே காசு கொடுத்துச் சில விஸ்கிகளைச் சுவைத்துப் பார்க்கும் ஒரு டேஸ்டிங்கில் உட்காரலாம் என்று நினைப்பவர்கள் இதைப் படித்துவிட்டு டிக்கெட் எடுங்கள். புகார் கொடுத்திருப்பதால் இடத்தின் பெயரைப் போடவில்லை. ஆனால் இதே வேலையை யாரும் எங்கேயும் செய்யலாம். அதனால் நடந்ததை விவரமாகச் சொல்கிறேன்.

ஐலாவில் உள்ள ஏதோ ஒரு டிஸ்டிலரியில் மட்டும் வடித்த ஐந்து வருட சிங்கிள் மால்ட், போர்பன் எனும் அமெரிக்க விஸ்கி இருந்த பீப்பாய், தண்ணீர் கலக்காத காஸ்க் ஸ்ட்ரெங்த், ஆல்கஹால் 58 சதவீதம் என்று விளம்பரம் சொன்னது. கூடவே வேறு மூன்று விஸ்கிகள். ஆளுக்கு 55 பவுண்டு. ஐலாவுக்குப் போவதென்றால் கென்னக்ரெய்க் துறை வரை சாலையில் போய், அங்கிருந்து இரண்டு மணி நேரம் கப்பலில் போகவேண்டும். அந்த அலைச்சலோடு ஒப்பிட்டால் 55 பவுண்டு நியாயமாகத்தான் பட்டது. நானும் மனைவியும் போனோம்.

மேசையில் கிளாஸ்கள் முன்கூட்டியே ஊற்றி வைக்கப்பட்டிருந்தன. பாட்டில் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. முதல் மூன்றும் பரவாயில்லை. நான்காவதாக இருந்த அந்த ஐலா விஸ்கிக்காகத்தான் நாங்கள் வந்ததே. அது கெட்டியான கட்டஞ்சாயா நிறத்தில் இருந்தது. ஷெர்ரி ஒயின் இருந்த பீப்பாய் என்றால் ஐந்து வருடத்தில் அந்த நிறம் வரலாம். போர்பன் பீப்பாயில் அந்த வயதுக்கு வெளிர் மஞ்சள்தான் இருக்கும். நிறத்துக்காக கேரமல் சேர்க்கச் சட்டம் அனுமதிக்கிறது என்பதால் அதை மட்டும் வைத்துக் குற்றம் சொல்ல முடியாது. முகர்ந்து பார்த்தால் டாஃபி, வெனிலா, அவ்வளவுதான். 58 சதவீதம் என்றால் மூக்கில் சுள்ளென்று ஏறவேண்டும், ஏறவில்லை. புகை வாசம் துளியும் இல்லை.

கேட்டேன். நடத்தியவர் சிரித்த முகத்தோடு சொன்னார்: “இளம் விஸ்கிதானே, புகை இன்னும் ஏறவில்லை. பத்து வருடம் பீப்பாயில் கிடந்தால்தான் வரும்.” சுற்றி இருந்தவர்கள் தலையாட்டினார்கள். எனக்குக் கோபம் வந்தது இந்த இடத்தில்தான்.

இது அப்பட்டமான தலைகீழ்ப் பொய். அந்தப் புகை பீப்பாயிலிருந்து வருவதில்லை. முளைகட்டிய பார்லியை பீட் எனும் சதுப்பு நிலத்துத் தாவர மட்கு எரியும் புகையில் உலர்த்தும்போதே, புகை வாசம் தரும் ஃபீனால்கள் எனும் வேதிப்பொருள்கள் தானியத்தில் ஏறிவிடுகின்றன. அவை வடிப்பில் தப்பி ஸ்பிரிட்டில் வருகின்றன. பீப்பாயில் வருடம் ஏற ஏறப் புகை அடங்கத்தான் செய்யும். அதனால்தான் ஐலாவின் இளம் விஸ்கியைத் தேடி வாங்கிக் குடிக்கிற கூட்டமே இருக்கிறது. 2005இல் தொடங்கிய கில்கோமன் பண்ணை டிஸ்டிலரி, 2009இல் மூன்று வருட விஸ்கியையே பாட்டிலில் அடைத்து வெளியிட்டுப் பெயர் வாங்கியது. சட்டப்படி ஸ்காட்சுக்குக் குறைந்தபட்ச வயதே அந்த மூன்று வருடம்தான். அவர்களுடைய ‘மாக்கிர் பே’ என்ற விஸ்கி 46 சதவீதம், நிறம் சேர்ப்பதில்லை. அதைக் குடித்துப் பாருங்கள்: எலுமிச்சை, கடல் உப்பு, அணைந்த விறகடுப்பின் வாசம், எல்லாம் முதல் வாயிலேயே வந்துவிடும். இளம் ஐலா விஸ்கியை முதன்முறையாகக் குடிக்க வந்த பத்துப் பன்னிரண்டு பேர், “ஓ, இளசு என்றால் இப்படிச் சப்பென்று இருக்கும் போல” என்று நம்பி எழுந்து போவது, போன காசைவிடப் பெரிய அநியாயம்.

பாட்டிலைக் காட்டச் சொன்னேன். தயங்கிவிட்டு, உள்ளேயிருந்து எடுத்து வந்தார். லேபிளில் கடலும் கலங்கரை விளக்கமும் படமாக இருந்தன. ஐலா என்ற சொல் எங்கும் இல்லை, வயதும் இல்லை. கீழே சிறிய எழுத்தில் ‘ப்ளெண்டட் மால்ட் ஸ்காட்ச் விஸ்கி’, 40 சதவீதம். அதாவது ஒன்றுக்கு மேற்பட்ட டிஸ்டிலரிகளின் மால்ட் கலந்தது. 2009ஆம் வருட ஸ்காட்ச் விஸ்கி விதிகளின்படி எந்த வகை என்பதை லேபிளில் போட்டே ஆகவேண்டும், அதனால் லேபிள் பொய் சொல்லவில்லை. பொய் சொன்னது விளம்பரமும் வாயும். நல்ல ப்ளெண்டட் மால்ட்டும் உண்டுதான், ஆனால் நாங்கள் காசு கொடுத்தது அதற்கு இல்லையே.

“ஸ்டாக் தீர்ந்துவிட்டது, அதே தரத்தில் மாற்று வைத்தோம்” என்றார். அதை ஊற்றும்போதே சொல்லியிருக்கலாம். இதற்குள் எங்கள் மேசையில் இருந்த ஒரு வயதான தம்பதி அதே சரக்கில் ஒரு பாட்டிலை 120 பவுண்டுக்கு வாங்கிவிட்டிருந்தார்கள்.

லேபிளைப் படம் எடுத்துக்கொண்டேன். பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, சுவை ஆளுக்கு ஆள் மாறும் என்று பதில் வந்தது. அப்புறம் வங்கியிடம் போனேன். பிரிட்டனில் 100 பவுண்டுக்கு மேற்பட்ட பொருளைக் கிரெடிட் கார்டில் வாங்கினால், 1974ஆம் வருட கன்ஸ்யூமர் கிரெடிட் சட்டத்தின் 75ஆம் பிரிவுப்படி கார்டு நிறுவனமும் பொறுப்பு. எங்கள் டிக்கெட் ஒவ்வொன்றும் 55 பவுண்டுதான் என்பதால் அதற்குள் வராது, அதனால் கார்டில் கட்டிய பணத்தை வங்கி மூலமாகத் திரும்பப் பெறும் சார்ஜ்பேக் கேட்டேன். விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட்டும் லேபிள் படமும் இருந்ததால் பணம் திரும்பி வந்தது. அந்தத் தம்பதிக்கு 75ஆம் பிரிவைச் சொல்லிக் கொடுத்தேன், அவர்களுக்கு இன்னும் பதில் வரவில்லை. வியாபார மோசடிப் புகார்களை விசாரிக்கும் நகரசபையின் ட்ரேடிங் ஸ்டாண்டர்ட்ஸ் பிரிவுக்கும் விவரம் போயிருக்கிறது.

டிக்கெட் எடுக்கும் முன் பாட்டிலின் முழுப் பெயரை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். உங்கள் கண் முன்னால் ஊற்றச் சொல்லுங்கள். மறுத்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள். அந்த விளம்பரம் இன்றைக்கும் ஒரு வரி மாறாமல் ஓடிக்கொண்டிருக்கிறது.