எஃப்-150 எரிபொருள் பம்ப் மாட்யூல்: மாற்றுப் பாகம் வாங்கலாமா?

2004 முதல் 2008 வரை வெளிவந்த ஃபோர்டு எஃப்-150 பிக்கப் டிரக்கில், பெட்ரோல் பம்புக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் மாட்யூல் ஸ்டெப்னிக்கு மேலே சேஸோடு ஒட்டி அமைந்திருப்பதால், அமெரிக்கப் பனிக்காலச் சாலைகளில் தூவும் உப்பும் ஈரமும் அந்த இடுக்கில் தங்கி, அலுமினிய அடித்தட்டை அரித்துவிடுகின்றன. இந்த மாட்யூல் செயல்படவில்லை என்று வண்டியின் கணினி காட்டும் பி1233 என்ற பிழைக் குறியீடு வந்தால் முதலில் இதைத்தான் கழற்றிப் பார்க்க வேண்டும்.

நான் வாங்கிய மாற்றுப் பாகத்தில், தட்டு சேஸைத் தொடாதபடி சிறு கால்கள் வைத்திருக்கிறார்கள். கோளாறின் வேரைத் தீர்க்கும் இந்தத் திருத்தத்துக்காகவே தயங்காமல் வாங்கலாம். புரோகிராமிங் எதுவும் தேவையில்லை. துருவேறிய போல்ட்டுகளுக்கு மட்டும் முந்தைய இரவே துரு இளக்கும் எண்ணெய் விட்டுவையுங்கள், அவசரப்பட்டால் தலை முறிந்துவிடும். புதிய போல்ட்டுகளையும் பெட்டியில் சேர்த்துக் கொடுத்திருக்கலாம்.