இரு பத்திச் சுயவிவர டெம்ப்ளேட்: ஆறு ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பிறகு

ஆறு ஆண்டுகளுக்கு முன் நான் முழு விலை கொடுத்து வாங்கிய சுயவிவர டெம்ப்ளேட் இப்போது பாதி விலைக்கு வந்திருக்கிறது, வாங்கலாமா என்று வேலை தேடிக்கொண்டிருக்கும் நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். ஒரு வரியில் பதில் எழுதத்தான் உட்கார்ந்தேன். அது இவ்வளவு நீண்டுவிட்டது. இடப்பக்கம் வண்ணப் பட்டை, வலப்பக்கம் பணி அனுபவம், எல்லாம் ஒரே பக்கத்தில் என்ற அந்த அமைப்பைப் பலரும் பார்த்திருப்பார்கள் என்பதால் அதை விவரிக்கப் போவதில்லை. மூன்று முறை வேலை தேடியிருக்கிறேன், மூன்று முறையும் இதைத்தான் பயன்படுத்தினேன், இரண்டு முறை கோபத்தில் நீக்கிவிட்டு மறுபடி தரவிறக்கியிருக்கிறேன்.

கோபத்துக்குக் காரணம் ஒன்றே ஒன்றுதான். இணைய விண்ணப்பப் படிவத்தில் சுயவிவரத்தைப் பதிவேற்றினால் மற்ற கட்டங்களை மென்பொருளே நிரப்பிக்கொள்ளும் என்பார்கள். எனக்கு அது நிரப்பிய அழகைச் சொல்கிறேன்: குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் ‘முதுநிலைக் கணக்காளர்’ என்று இருந்தது, பணி அனுபவத்தில் என் மொழித்திறன் இருந்தது, கைபேசி எண்ணைக் காணவே காணோம். இதைக் கவனித்த பிறகு ஒவ்வொரு முறையும் எல்லாவற்றையும் அழித்து, ஒரே பக்கத்தில் அடக்கியிருந்ததை 27 கட்டங்களில் திரும்பத் தட்டச்சு செய்தேன். முதல் முறை வேலை தேடியபோது இதைச் சரிபார்க்கக்கூடத் தோன்றாமல் 38 விண்ணப்பங்களை அப்படியே அனுப்பிவிட்டு, பதில் வராததற்கு என் தகுதிதான் போதவில்லை என்று நான்கு மாதம் வருந்திக்கொண்டிருந்தேன்.

குறை எங்கே இருக்கிறது என்பது பிறகுதான் புரிந்தது. பிடிஎஃப் வடிவத்தை அடோபி நிறுவனம் 1993இல் வெளியிட்டதன் நோக்கமே, எந்தக் கணினியில் திறந்தாலும் பக்கம் ஒரே மாதிரி தெரிய வேண்டும் என்பதுதான். எந்த எழுத்து பக்கத்தின் எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்பதை அந்தக் கோப்பு துல்லியமாகச் சொல்லும். எதற்கு அடுத்து எதைப் படிக்க வேண்டும் என்பதைச் சொல்லியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் அதற்கு இல்லை. பத்திரிகைப் பக்கம்போல் இரண்டு பத்திகள் இருந்தால், நம் கண் ஒன்றை முடித்துவிட்டு மற்றொன்றுக்குப் போகும். மென்பொருள்கள் சிலவோ இடமிருந்து வலமாக ஒரே ஓட்டமாகப் படித்துவிடுகின்றன. சோதித்துப் பார்ப்பது எளிது: கோப்பைத் திறந்து, எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து நகலெடுத்து, நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். எனக்கு வந்த ஒரு வரி இது: ‘2016 எக்செல் முதல் பேச்சுத்திறன் 2019 வரை’. இதைப் படித்து யார் என்னை அழைப்பார்கள்?

நியாயமாகப் பேசுவதென்றால், மென்பொருளே விண்ணப்பங்களைக் கூட்டம் கூட்டமாகக் குப்பையில் போடுகிறது என்ற பேச்சில் மிகை உண்டு. வேலை செய்ய அனுமதி உண்டா, குறிப்பிட்ட சான்றிதழ் உண்டா என்பது போன்ற கேள்விகளுக்கு நாம் தரும் பதிலை வைத்துத் தானாக வடிகட்டும் ஏற்பாடு இருக்கிறது. அதைத் தவிர்த்தால், மென்பொருள் பெரும்பாலும் விவரங்களைப் பிரித்து அடுக்கி வைக்கிறது, ஆட்சேர்ப்பு அலுவலர் தேடும்போது எடுத்துக் கொடுக்கிறது. ஆனால், ‘கணக்காளர்’ என்று பதவிப் பெயரில் அவர் தேடும்போது என் பதவி குடும்பப் பெயராகப் பதுங்கியிருந்தால் நான் எப்படிக் கண்ணில் படுவேன்? நிராகரிக்கப்படுவதும் தேடலில் அகப்படாமல் போவதும் வேறு வேறு என்றாலும், காத்திருப்பவனுக்கு இரண்டும் ஒன்றுதான்.

திறமைகளுக்கு எதிரே ஐந்து புள்ளிகளில் நான்கை நிரப்பிக் காட்டும் அந்த அலங்காரத்தைப் பற்றியும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. எக்செல்லில் ஐந்துக்கு நான்கு என்று எனக்கு மதிப்பெண் போட்டது யார்? நானேதான். ஒரு நேர்காணலில் மேலாளர் ஒருவர் அந்தப் புள்ளிகளைப் பேனா முனையால் தொட்டு, ‘விடுபட்ட அந்த ஒரு புள்ளி என்ன?’ என்று கேட்டார். அன்று மாலையே அந்தப் பகுதியை நீக்கினேன்.

இவ்வளவுக்கும் பிறகு இதைப் பாராட்டவும் வேண்டியிருக்கிறது. இடமே தராத டெம்ப்ளேட் இது. வலப்பக்கத்தில் 11 வரிகளுக்கு மேல் கொள்ளாது. அந்த நெருக்கடியில்தான் ‘மாதாந்திரக் கணக்குப் பணிகளுக்குப் பொறுப்பு வகித்தேன்’ என்ற வழவழா வரியை வெட்டி, ‘மாதக் கணக்கு முடிப்பை 9 நாள்களிலிருந்து 4 நாள்களாகக் குறைத்தேன்’ என்று எழுதினேன். இப்போதைய வேலைக்கான நேர்காணலில் 20 நிமிடம் அந்த ஒரு வரியைப் பற்றியே பேசினோம். அகலமான பக்கம் கிடைத்திருந்தால் அந்த வரியை எழுதியிருக்கவே மாட்டேன்.

அந்த நேர்காணல், இணையப் படிவத்தின் வழியாக வந்ததும் அல்ல. என் பழைய அலுவலகத்தில் வேறு மாடியில் பணியாற்றிய, ஆண்டுக்கு ஒருமுறை வாழ்த்து அனுப்பும் அளவுக்கே பழக்கமிருந்த ஒருவர் என் கோப்பைத் தம் மேலாளருக்கு அனுப்பினார். சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையில், தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களில் ஏறத்தாழ ஆறில் ஒருவருக்கே அந்தத் தெரிந்தவர் அடிக்கடி சந்திப்பவராக இருந்தார் என்று காட்டினார். மற்றவர்களுக்கு அவர் எப்போதாவது பார்ப்பவர், அல்லது பார்ப்பதே அரிதானவர். அப்படிக் கைமாறிப் போகும் கோப்பை முதலில் திறப்பது மனிதக் கண். அங்கே இந்த டெம்ப்ளேட் நன்றாகவே எடுபடுகிறது.

ஆகவே இப்போது என்னிடம் இரண்டு கோப்புகள் இருக்கின்றன. படிவங்களுக்கு ஒற்றைப் பத்தியில், படமோ பட்டையோ இல்லாமல், தலைப்புகளைப் ‘பணி அனுபவம்’, ‘கல்வி’ என்று வழக்கமான பெயரிலேயே வைத்து, மாதமும் ஆண்டும் ஒரே முறையில் எழுதி, உண்மையிலேயே எனக்குத் தெரிந்தவற்றுக்கு வேலை விளம்பரத்தில் உள்ள சொல்லையே கையாளும் ஒரு மொட்டைக் கோப்பு. மனிதர்களுக்கு அந்த அழகுக் கோப்பு. விளம்பரத்தையும் முழுமையாக நகலெடுத்துச் சேமித்துக்கொள்கிறேன். நேர்காணலுக்கு அழைப்பு வருவதற்குள் பல நேரங்களில் அது இணையத்திலிருந்து போய்விடுகிறது.

மொட்டைக் கோப்புக்குக் காசே தேவையில்லை, 11 வரிக் கட்டுப்பாட்டை நாமே விதித்துக்கொள்ளலாம், எனவே பாதி விலைக்கும் வாங்க வேண்டாம் என்று நண்பருக்கு எழுதிவிட்டேன். மாதிரிக்கு உங்களுடையதை அனுப்புங்கள் என்றார். கையோடு அனுப்பியது இரு பத்திக் கோப்பைத்தான்.