வாஷிங் மெஷினுக்குப் "புது போர்டு": 6,800 ரூபாய் கொடுத்து ஏமாந்த கதை

எங்கள் மெஷினை இயக்குகிற எலக்ட்ரானிக் போர்டு செத்துவிட்டது, புதுசு போட்டாச்சு என்று சொல்லி 6,800 ரூபாய் வாங்கினார்கள். மாட்டிவிட்டுப் போனது எங்கள் பழைய போர்டையேதான். பணம் போனதுகூடப் பரவாயில்லை. ஃப்யூஸ் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு செப்புக் கம்பியை வைத்து ஈயம் வைத்திருந்தார்கள். அதை நினைத்தால்தான் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

வீடு சென்னை மேடவாக்கம் பக்கம். ஒரு நாள் ராத்திரி தெருவில் நியூட்ரல், அதாவது கரண்ட் திரும்பிப் போகிற ஒயர், கட்டாகி, பல்பெல்லாம் பளீரென்று எரிந்து அணைந்தது. நியூட்ரல் அறுந்தால் 230 வோல்ட் வரவேண்டிய வீட்டுக்குள் 400 வரைக்கும்கூட ஏறிவிடும். லைன்மேன் வந்து சரிசெய்த பிறகு பார்த்தால், வைஃபை அடாப்டர் காலி. ஃப்ரண்ட் லோடு மெஷினில் ஒரு லைட்கூட எரியவில்லை.

மறுநாள் காலை துணி மலைபோலக் கிடக்கிறது. அவசரத்தில் கம்பெனி பெயரோடு "சர்வீஸ் சென்டர்" என்று தேடி, முதலில் வந்த நம்பருக்கே போன் போட்டேன். பேசியவர் மரியாதையாகப் பேசினார். மதியமே ஒரு பையன் வந்துவிட்டான். ஐடி கார்டு கேட்டதற்கு "வண்டியில இருக்கு சார்" என்றான். மேல்மூடியைக் கழற்றி, மீட்டரை இரண்டு இடத்தில் வைத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

"போர்டு ஃபுல்லா ஷார்ட் சார். ரிப்பேர் ஆகாது. புதுசு பன்னண்டாயிரம். பழசை எக்ஸ்சேஞ்ச் பண்ணி 6,800-க்கு முடிச்சுத் தர்றேன்."

விசிட்டிங் சார்ஜ் 450 தனி. போர்டை அவன் கழற்றியதும், மச்சானுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்ப ஒரு போட்டோ எடுத்தேன். யதேச்சையாகச் செய்ததுதான், ஆனால் பின்னால் கைகொடுத்த ஒரே விஷயம் அதுதான்.

மூன்றாம் நாள் "புது" போர்டோடு வந்து மாட்டினான். மெஷின் ஓடியது. பணத்தை யாரோ ஒரு தனி ஆள் பெயருக்கு ஜிபே பண்ணச் சொன்னான். பில் என்று கிழித்துக் கொடுத்த தாளில் "பிசிபி சேஞ்ச்" (போர்டு மாற்றியது) என்ற எழுத்தும் தொகையும் மட்டும்தான். கடைப் பெயர் கிடையாது, ஜிஎஸ்டி நம்பர் கிடையாது. வாரண்டி மூன்று மாதம் என்று வாயால் சொன்னான். பழைய போர்டைத் திருப்பிக் கேட்டிருக்கவேண்டும். எக்ஸ்சேஞ்ச் என்றுதானே சொன்னான் என்று விட்டுவிட்டேன்.

பன்னிரண்டாம் நாள் மழை. கரண்ட் போய்ப் போய் வந்தது. துணி ஓடிக்கொண்டிருக்கும்போதே உள்ளே பட்டென்று ஒரு சத்தம், கருகிய வாடை, ஷார்ட் ஆனால் கரண்டைத் துண்டிக்கிற வீட்டு எம்சிபி சுவிட்ச் விழுந்தது. அந்த நம்பருக்கு அடித்தேன். முதல் நாள் "பார்க்கறோம் சார்". அப்புறம் எடுக்கவே இல்லை.

நண்பர் ஒருவர் சொல்லி, போர்டைக் கழற்றி எடுத்துக்கொண்டு எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி ஸ்ட்ரீட் சந்தில் போர்டு ரிப்பேர் பார்க்கிற ஒரு பெரியவரிடம் போனேன். வாங்கிப் பார்த்ததும் சிரித்தார். "இதைப் புதுசுன்னு யார் தம்பி சொன்னா?" ஈரம் படாமல் இருக்க இந்த போர்டுகளின் மேல் ஜெல்லி மாதிரி ஒரு பிசினை ஊற்றியிருப்பார்கள், கண்ணாடிபோல் தெளிவாக இருக்கும். என்னுடையதில் ஒரு மூலையில் மட்டும் வெள்ளையாக, குளூ கன் பசை. பிளேடால் அதைக் கீறி எடுத்தார். கீழே அந்தக் கம்பி. பக்கத்தில் எம்ஓவி என்கிற பாதுகாப்பு பாகம் இருந்த இடத்தில் வெட்டிவிட்ட இரண்டு கால்கள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன.

எம்ஓவி என்பது நீல நிறத்தில் வட்ட வில்லைபோல் இருக்கும். வோல்டேஜ் எகிறும்போது அது தன்மேல் வாங்கிக்கொண்டு ஷார்ட் ஆகும், உடனே ஃப்யூஸ் போகும், மற்ற பாகங்கள் பிழைக்கும். அந்த ராத்திரி நடந்தது அவ்வளவுதான். இரண்டும் சில்லறைக் காசு சாமான். முதலிலேயே கொண்டுவந்திருந்தால் கூலியோடு 500 ரூபாய்க்குள் முடித்திருப்பேன் என்றார் பெரியவர். இவர்களோ எம்ஓவியை வெட்டி எறிந்து, ஃப்யூஸுக்குப் பதில் கம்பி வைத்து, கவசமே இல்லாமல் ஓடவிட்டிருக்கிறார்கள். அடுத்த அடி நேராக போர்டுக்குப் பவர் கொடுக்கிற ஐசி சிப்புக்குப் போய், சுற்றியிருந்த டிராக்கும் (போர்டில் கரண்ட் ஓடுகிற செப்புக் கோடு) கருகிவிட்டது. அதைச் சரிசெய்ய 1,800 ஆனது.

புது ஸ்டிக்கரை நகத்தால் உரித்தால் அடியில் பழைய ஸ்டிக்கர். போனில் இருந்த போட்டோவோடு நம்பரை ஒப்பிட்டேன். கடைசி எழுத்து வரை அதேதான்.

உங்கள் வீட்டிலும் போர்டைக் கழற்றினால், கையைவிட்டுப் போவதற்கு முன் நம்பர் தெரிகிற மாதிரி போட்டோ எடுத்துவிடுங்கள், முடிந்தால் அவர்கள் கண்முன்னாலேயே. போன் நம்பரை மெஷினோடு வந்த புத்தகத்திலிருந்து எடுங்கள். நல்ல மெக்கானிக்குகள் நிறைய பேர் இருக்கிறார்கள். அந்தப் பெரியவரே சாட்சி. வீடியோ பார்த்து நீங்களே திறக்கலாம் என்று நினைத்தால் வேண்டாம். பிளக்கைப் பிடுங்கின பிறகும் போர்டில் கரண்டைச் சேமித்து வைக்கிற பெரிய கபாசிட்டரில் 320 வோல்ட் வரை நிற்கலாம்.

1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுக்க உட்கார்ந்தேன். எதிர்த்தரப்பின் பெயர், முகவரி என்ற இடத்தில் என்ன எழுதுவது? அதைக் கேட்டு வாங்கத்தான் மனைவியின் போனிலிருந்து அந்த நம்பருக்கு இன்னொரு தடவை அடித்தேன். அதே மரியாதையான குரல்: "வணக்கம், கஸ்டமர் கேர். எந்த கம்பெனி மெஷின் சார்?"

முதல் நாளும் என்னிடம் இதையேதான் கேட்டார். நானும் கம்பெனி பெயரைச் சொன்னேன்.