‘மியூச்சுவல்’ ஜெர்மனுக்குப் போகும்போது: கேகன்ஸைட்டிக்கா, கெமைன்ஸாமா?

புதுச்சேரி, கடலூர் பக்கம் ஜெர்மன் படித்து நர்ஸ் வேலைக்கும் மேற்படிப்புக்கும் கிளம்புகிறவர்கள், ‘மியூச்சுவல்’ என்று கண்டதும் அகராதியில் முதலில் நிற்கும் ‘கேகன்ஸைட்டிக்’கை எடுத்துப் போட்டுவிடுகிறார்கள். எல்லா இடத்துக்கும் அது ஒத்துவராது. ஆங்கிலத்தை ஓரங்கட்டிவிட்டுத் தமிழில் சொல்லிப் பாருங்கள். ‘ஒருவருக்கொருவர்’ என்று வந்தால் கேகன்ஸைட்டிக். ‘இருவருக்கும் பொதுவான’ என்று வந்தால் ‘கெமைன்ஸாம்’. தமிழும் ஜெர்மனும் இந்த இரண்டையும் பிரித்தே வைத்திருக்கின்றன.

மரியாதை ஒருவர் மேல் ஒருவர் வைப்பது. ஆகவே கேகன்ஸைட்டிகர் ரெஸ்பெக்ட். நம்பிக்கைக்கு கேகன்ஸைட்டிகஸ் ஃபெர்ட்ரவன், உதவிக்கு கேகன்ஸைட்டிகெ ஹில்ஃபெ. பெயர்ச்சொல்லின் பால் மாற ஈறும் மாறும். இருவருக்கும் தெரிந்த நண்பரோ கெமைன்ஸாமர் ஃப்ராய்ண்ட்தான். இங்கே கேகன்ஸைட்டிக் போட்டால் பிழை. வெறும் அறிமுகம் என்றால் ‘கெமைன்ஸாமர் பெகான்டர்’ என்பதே சரி.

‘வெக்ஸல்ஸைட்டிக்’கும் கேகன்ஸைட்டிக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். முன்னது கொஞ்சம் ஏட்டு நடை, பேச்சுக்குத் தேவையில்லை.

கவனம் அதிகம் வேண்டியது ‘தன்னை, தம்மை’ என்று பொருள்படும் ‘ஸிஹ்’ வரும் வாக்கியங்களில். ‘டீ கின்டர் வாஷன் ஸிஹ்’ என்றால் பிள்ளைகள் தம்மைத் தாமே கழுவுகிறார்களா, ஒருவரையொருவர் கழுவுகிறார்களா? இரண்டுக்கும் இடமுண்டு. இரண்டாவதுதான் வேண்டும் என்றால் ஸிஹ் பின்னால் கேகன்ஸைட்டிக்கைச் சேருங்கள், அல்லது ஸிஹ்ஹை எடுத்துவிட்டு ‘ஐனான்டர்’ போடுங்கள். ஐனான்டரையும் கேகன்ஸைட்டிக்கையும் சேர்த்து எழுதினால் கூறியது கூறல்.

சட்டத் தாள்களில் தமிழ் ‘பரஸ்பரம்’ நம்மையே ஏமாற்றும். இரு தரப்பும் ஒத்துக்கொண்டு வேலை ஒப்பந்தத்தை முடித்தால் ‘இன் பைடர்ஸைட்டிகெம் ஐன்ஃபெர்னேமன்’. கேகன்ஸைட்டிக் போட்டும் எழுதுகிறார்கள், தப்பில்லை. ஆனால் ‘இரு தரப்பு’ என்பதை நேராகச் சொல்வது பைடர்ஸைட்டிக்தான், அதையே எழுதலாம். 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டம் 13பி பிரிவில் வரும் பரஸ்பர சம்மத விவாகரத்துக்கோ ‘ஐன்ஃபெர்னேம்லிஹெ ஷைடுங்’ என்பதே வழக்கு.

மியூச்சுவல் ஃபண்டுக்கு ‘இன்வெஸ்ட்மென்ட்ஃபோன்’. பரஸ்பரம் என்ற பேச்சே அதில் இல்லை. புதுச்சேரியில் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பங்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. பிரான்ஸில் அரசுக் காப்பீட்டுக்கு மேல் எடுக்கும் மருத்துவக் காப்பீட்டை ‘முத்யுவெல்’ என்கிறார்கள். ஜெர்மனியில் அந்த இடத்தில் இருப்பது ‘ட்ஸூஸாட்ஸ்ஃபெர்ஸிஹெருங்’. ‘கேகன்ஸைட்டிக்கைட்’ என்ற சொல் அங்கே காப்பீட்டு நிறுவனத்தின் பெயரில் வந்தால், காப்பீடு எடுத்தவர்களே உறுப்பினர்களாக இருக்கும் சங்கம் என்று பொருள்.