பிரின்ஸ் ஆஃப் பெர்சியா: அந்த 60 நிமிடங்களை எந்தப் பதிப்பில் ஆடுவது?

ஜோர்டான் மெக்னர் உருவாக்கி, பிராடர்பண்ட் நிறுவனம் 1989-ல் ஆப்பிள் 2 கணினிக்கு வெளியிட்ட ஆட்டம் இது. அதன்பிறகு டாஸ் (விண்டோஸுக்கு முந்தைய பிசி இயங்குதளம்), அமிகா, மேக், நெஸ், கேம் பாய், சூப்பர் நின்டெண்டோ, மெகா டிரைவ், எக்ஸ்பாக்ஸ் 360, கைப்பேசி என்று அது ஏறாத மேடை குறைவு. கதை எல்லாவற்றிலும் ஒன்றேதான். தன்னை மணக்க வேண்டும், இல்லையேல் சாவு என்று மந்திரி ஜாஃபர் இளவரசிக்கு அசலில் 60 நிமிடக் கெடு வைக்கிறான், நிலவறையில் கிடக்கும் நாயகன் அதற்குள் மேலே ஏறி வந்தாக வேண்டும். பதிப்புகளை ஒப்பிடும்போது எல்லோரும் முதலில் படங்களைத்தான் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியவை வேறு இரண்டு: இளவரசனின் உடம்பு எப்படி நகர்கிறது, கடிகாரம் எப்படி ஓடுகிறது. இவை சரியாக இருந்தால் நான்கே நிறங்களிலும் ஆட்டம் நிற்கும். இவை கெட்டால் எத்தனை முப்பரிமாணப் பூச்சு பூசியும் பயனில்லை.

முதலில் உடம்பு. மெக்னர் தன் தம்பி ஓடுவதையும் தாவுவதையும் வீடியோவில் பிடித்து, சட்டம் (ஃபிரேம்) சட்டமாக நகலெடுத்து இந்த அசைவுகளை உண்டாக்கினார். அதனால் இளவரசனுக்கு எடை உண்டு. ஓடத் தொடங்க நேரம் பிடிக்கும், நிற்கவும் நேரம் பிடிக்கும். பட்டனை விட்ட கணமே நிற்கிற பொம்மை இல்லை அவன். மறுபக்கம், ஒவ்வொரு அறையும் அகலத்தில் 10 கட்டம், உயரத்தில் 3 தளம் என்று துல்லியமாக வகுக்கப்பட்டது. ஒரு தளம் விழுந்தால் ஒன்றும் ஆகாது. இரண்டு தளம் விழுந்தால் ஓர் உயிர்ப்புள்ளி போகும். மூன்று என்றால் சாவு. நெளிவான உடம்பும் விறைப்பான கட்டமும் ஒன்றோடொன்று மோதும் இடத்தில்தான் ஆட்டமே இருக்கிறது.

அடுத்து கடிகாரம். செத்தால் லெவலின் தொடக்கத்துக்குப் போவீர்கள், ஆனால் செலவழிந்த நிமிடம் திரும்பி வராது. டாஸ் பதிப்பில் இந்த நேரம் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து ஓடுவதில்லை, சட்டங்களை எண்ணி ஓடுகிறது. 720 சட்டம் ஒரு நிமிடம். சாதாரணமாக நொடிக்கு 12 சட்டம், ஆகவே கணக்கு சரியாக 60 நொடி. வாளை உருவியதும் வேகம் நொடிக்கு 10 சட்டமாக இறங்குவதால் அதே ஒரு நிமிடம் 72 நொடி நீள்கிறது. வாள்சண்டையில் நேரம் போகிறதே என்று அவசரப்பட்டு வெட்டு வாங்குகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ளலாம்: ஆட்டம் அங்கே உங்களுக்குக் கொஞ்சம் சலுகை தருகிறது.

நம்மில் பெரும்பாலோர் பார்த்தது 1990-ன் டாஸ் பதிப்புதான். இன்றும் அளவுகோல் அதுவே. அசைவுகள் ஆப்பிள் பதிப்பில் உள்ளவையே, விஜிஏ திரையில் 256 நிறம், ஆட்லிப் அல்லது சவுண்ட் பிளாஸ்டர் அட்டை இருந்தால் நல்ல இசை. ஷிஃப்ட் விசைதான் இதன் உயிர். அதை அழுத்திக்கொண்டு அம்புக்குறியைத் தட்டினால் இளவரசன் ஓடாமல் ஓர் அடி எடுத்துவைப்பான். விளிம்புக்கு வந்ததும் காலால் தடவிப் பார்த்து நிற்பான், அடுத்த தட்டுக்குத்தான் விழுவான். கூர்முனைகளுக்கு நடுவே இப்படி நடந்து போனால் ஒன்றும் ஆகாது, ஓடினால் குத்தும். வெட்டும் கதவுக்கு முன்னால் ஷிஃப்ட் அடி வைத்து ஒட்டி நின்று, அது மூடித் திறந்த உடனே தாண்டுங்கள். தளர்ந்த தரைப்பலகை எது என்று தெரியாவிட்டால் நின்ற இடத்தில் ஒருமுறை குதியுங்கள், தளர்ந்த பலகை தானே நடுங்கிக் காட்டிக்கொடுக்கும். காவலன் எதிரே வரும்போது வாள் உறையில் இருந்தால் எத்தனை உயிர்ப்புள்ளி வைத்திருந்தாலும் ஒரே வெட்டில் முடிந்தது.

புதிதாக ஆடுகிறவர்கள் சிக்கும் இடங்கள் நான்கைந்துதான். முதல் லெவலில் வாள் இல்லாமல் வலப்பக்கக் காவலனிடம் ஓடுவது ஒன்று. இடப்புறம் கீழே இறங்கி வாளை எடுத்துக்கொண்டு பிறகுதான் அங்கே போக வேண்டும். மூன்றாம் லெவல் எலும்புக்கூட்டை வெட்டிக்கொண்டே இருந்தால் விடிந்துவிடும். அது சாகாது, பின்னுக்குத் தள்ளிப் பள்ளத்தில் வீழ்த்த வேண்டும். நான்காம் லெவலில் வெளிக்கதவைத் திறந்த பிறகு, வந்த வழியில் ஒரு கண்ணாடி முளைக்கும். நின்று முட்டினால் அசையாது, ஓடிவந்து தாவினால் உடையும். உள்ளிருந்து நிழல் உருவம் குதித்து ஓடும், உங்களிடம் ஒரே ஓர் உயிர்ப்புள்ளி மிஞ்சும். எட்டாம் லெவலில் வெளிக்கதவைத் திறந்துவிட்டு இரும்புக் கதவுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் சும்மா காத்திருங்கள், இளவரசி அனுப்பிய வெள்ளெலி வந்து பொத்தானை மிதிக்கும். கடைசியில் நிழலோடு சண்டை: அதை வெட்டினால் உங்களுக்கும் வலிக்கும், கொன்றால் நீங்களும் சாவீர்கள். கீழ் அம்புக்குறியால் வாளை உறையில் போட்டுவிட்டு நேரே அதன்மேல் நடங்கள். அது உங்களுக்குள் கலந்த பின், தரையே இல்லாத வெளியில் துணிந்து ஓடினால் காலடியில் தரை முளைக்கும்.

இந்த நிழலின் பிறப்பும் சொல்லத்தக்கதே. ஆப்பிள் 2-ன் 128 கேபி நினைவகத்தில் இன்னொரு பாத்திரத்துக்கு இடமில்லை. இளவரசனின் படத்தையே சற்றுத் தள்ளி வைத்து அதனோடு முரண்கூட்டல் (எக்ஸ்ஓஆர் என்னும் பிட் கணக்கு) செய்தபோது மினுமினுக்கும் ஓர் உருவம் கிடைத்தது. கதையின் மிகச் சிறந்த எதிரி, இடப்பற்றாக்குறையில் பிறந்தவன்.

பழைய டாஸ் ஆட்டங்களை இன்றைய கணினியில் ஓட்டும் டாஸ்பாக்ஸ் மென்பொருளில் ஆடுவதாக இருந்தால் மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். படம் 320×200 புள்ளி, ஆனால் அது 4:3 திரைக்காக வரையப்பட்டது. அமைப்புக் கோப்பில் ஆஸ்பெக்ட் என்பதை ட்ரூ ஆக்காவிட்டால் இளவரசன் குட்டையாக, நசுங்கியவன்போல் தெரிவான். இரண்டாவது, விண்டோஸில் ஷிஃப்டை ஐந்து முறை தட்டினால் ஸ்டிக்கி கீஸ் பெட்டி வந்து நிற்கும். சண்டையில் வெட்டுவதற்கும் ஷிஃப்ட்தான் என்பதால், காவலன் முன்னால் நிற்கும்போதுதான் அது சரியாக வரும். ஆடுமுன் அதை அணைத்துவிடுங்கள். மூன்றாவது, மலிவான விசைப்பலகைகள் வலது, மேல், ஷிஃப்ட் மூன்றையும் ஒரே நேரத்தில் வாங்குவதில்லை. தாவிப் பற்றும்போது கை நழுவுவதற்கு உங்கள் விரல் காரணமில்லாமல் இருக்கலாம். நம்பர் பேடில் 7, 9 இரண்டும் இடது, வலது தாவலுக்கு ஒற்றை விசைகள். அவற்றைப் பழகினால் பாதித் தொல்லை தீரும்.

மூன்றாம் லெவலிலிருந்து கண்ட்ரோல் ஜி அழுத்திச் சேமிக்கலாம். திரும்ப ஏற்றும்போது அந்த லெவலின் தொடக்கமும் அப்போதைய நேரமும்தான் கிடைக்கும். எனவே லெவலுக்குள் நுழைந்தவுடன் சேமிப்பதே புத்திசாலித்தனம். ஷிஃப்ட் எல் அழுத்தினால் நான்காம் லெவல்வரை தாண்டலாம், ஆனால் கடிகாரம் 15 நிமிடத்துக்கு வெட்டப்படும். பெட்டியில் வாங்கிய அசல் பிரதியில் முதல் லெவலுக்குப் பிறகு மருந்துக் குப்பிகள் வரிசையாக நிற்கும் ஓர் அறை வரும். கையேட்டின் குறிப்பிட்ட பக்கம், வரி, சொல் பார்த்து அதன் முதல் எழுத்துள்ள குப்பியைக் குடிக்க வேண்டும், தப்பினால் உயிர்ப்புள்ளிகள் போகும். நகலெடுப்பைத் தடுக்க வைத்த பூட்டு. கையேடு தொலைந்தால் நேர்மையாக வாங்கியவனும் அங்கேயே நின்றான்.

இத்தனை அமைப்பும் வேண்டாம் என்பவர்களுக்கு எஸ்டிஎல்பாப். டாஸ் ஆட்டத்தின் இயங்குநிரலைப் பிரித்துப் படித்து, இன்றைய கணினிகளுக்கு ரசிகர்கள் திரும்ப எழுதிய திறமூல வடிவம். விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும். அசைவு, வேகம், கடிகாரம் எல்லாம் டாஸில் உள்ளபடியே, ஒரு சட்டமும் பிசகாமல். எஃப்6 அழுத்தினால் நின்ற இடத்திலேயே சேமிப்பு, எஃப்9 அழுத்தினால் மீட்பு. இப்படி மீட்கும்போது நேரத்தில் அபராதம் கழிக்கும் தெரிவும் உண்டு. அதை அணைக்காதீர்கள், அணைத்தால் கடிகாரத்துக்குப் பல்லே இல்லை. பழைய ஆட்டத்தின் பிழைகள் திருத்தப்பட்ட நிலையில் வேண்டுமா, பிழைகளோடே வேண்டுமா என்பதை அதன் ஐஎன்ஐ அமைப்புக் கோப்பில் ஒவ்வொன்றாக முடிவு செய்யலாம். திரை விகிதத்தைச் சரிசெய்யும் தெரிவும் அங்கேயே இருக்கிறது. கேம்பேடும் ஏற்கும், ரசிகர்கள் வரைந்த புது லெவல்களையும் ஏற்கும். முதல்முறை ஆடுகிறவருக்கு இதைத்தான் பரிந்துரைப்பேன். வேறெதையும் இதற்குமேல் வைக்க மனம் வரவில்லை.

ஆப்பிள் 2 மூலத்தை ஆராய்ச்சிக்காக ஒருமுறை பார்க்கலாம். நிறம் குறைவு, ஒலி குறைவு, ஆனால் அசைவு ஏற்கெனவே முழுமையாக இருக்கிறது. தொலைந்துபோனதாகக் கருதப்பட்ட அதன் மூலநிரல் வட்டுகளை 2012-ல் மெக்னரின் தந்தை தன் வீட்டு அலமாரியில் கண்டெடுத்தார். அந்த ஆட்டத்துக்கு இசையமைத்தவரும் அவர்தான். நிரல் அதே ஆண்டு பொதுவில் வைக்கப்பட்டது. பிபிசி மாஸ்டர் கணினிக்கு 2018-ல் வந்த ரசிகர் வடிவம் அந்த நிரலிலிருந்து எழுந்ததுதான். கமடோர் 64 ரசிகர் வடிவம் அதற்கும் முந்தியது, 2011. வணிகம் கைவிட்ட இயந்திரத்தில் இருபது ஆண்டு கழித்து ஒருவர் உட்கார்ந்து எழுதியது என்ற வகையில் அதன்மேல் எனக்குத் தனி மரியாதை.

1992-ன் மேக் பதிப்பில் படம் கூர்மையானது, இளவரசன் தலைப்பாகையும் மேற்சட்டையும் அணிந்து வருகிறான். அழகுதான், ஆனால் டாஸின் வெள்ளை உடை கருப்புப் பின்னணியில் எடுப்பாகத் தெரிந்த அளவுக்கு இதில் கால் எங்கே இருக்கிறதென்று தெரிவதில்லை. நெஸ் பதிப்பைத் தாண்டிப் போகலாம். பழைய கேம் பாய் திரையில் வேகமாக நகர்வதெல்லாம் நிழல் விட்டுத் தேயும், வெட்டும் கதவுகள் நிறைந்த ஆட்டத்துக்கு அது ஆகாது.

தனியாக எடுத்துப் பேச வேண்டியது 1992-ல் ஜப்பானின் ஆர்சிஸ் நிறுவனம் செய்த சூப்பர் நின்டெண்டோ பதிப்பு. 20 லெவல், 2 மணி நேரம். பழைய லெவல்களைக் கலைத்து அடுக்கி, புதியவற்றைச் சேர்த்து, பின்னணியில் இடைவிடாத இசையும் வைத்திருக்கிறார்கள். பயிற்சிப் பகுதியும் உண்டு. அசலில் பெரும்பாலும் அமைதிதான். காலடியோசையும் தூரத்துக் கதவின் கிரீச்சும் எச்சரிக்கையாகவே வேலை செய்யும். இங்கே அந்த எச்சரிக்கையை இசை விழுங்கிவிடுகிறது, அது ஓர் இழப்பு. ஆனால் அசலை மனப்பாடமாக ஆடத் தெரிந்தவரை மறுபடி பயப்பட வைக்கும் ஒரே அதிகாரப்பூர்வப் பதிப்பு இதுதான். கடவுச்சொல்லில் மிஞ்சிய நேரமும் அடங்கியிருக்கும். ஒரு லெவலை மோசமாக முடித்துவிட்டு அந்தக் கடவுச்சொல்லோடு தொடர்ந்தால் கடைசியில் நேரம் போதாது, எனவே முந்தைய லெவலின் கடவுச்சொல்லையும் குறித்து வைத்திருங்கள்.

2007-ல் எக்ஸ்பாக்ஸ் 360-க்கும், 2008-ல் பிளேஸ்டேஷன் 3-க்கும் வந்த பிரின்ஸ் ஆஃப் பெர்சியா கிளாசிக், கேம்லாஃப்ட் செய்த மறுஆக்கம். லெவல் வரைபடங்கள் அசலில் உள்ளவையே, படம் முப்பரிமாணம், தோற்றம் 2003-ல் வந்த புதிய வரிசையின் பாணி. டைம் அட்டாக், சர்வைவல் என்று இரண்டு ஆட்டமுறைகள் கூடுதல். உழைத்துச் செய்திருக்கிறார்கள், மறுப்பதற்கில்லை. குறை வேறிடத்தில். அசைவு வழுவழுப்பாகிவிட்டதால் ஓர் அடி எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்பது கண்ணுக்குப் பிடிபடுவதில்லை. கற்களுக்கு நிழலும் விரிசலும் வரைந்ததில் கட்டங்களின் எல்லை மங்கிவிட்டது. டாஸில் பலகையை எண்ணித் தாவியவர் இங்கே குத்துமதிப்பாகத் தாவுவார். அசலை ஆடாதவருக்கு இது உறுத்தாது. எக்ஸ்பாக்ஸ் 360 கடை 2024 ஜூலை 29-ல் மூடப்பட்டதால், அந்தக் கருவியில் ஏற்கெனவே வாங்கியிருந்தால்தான் உண்டு.

இதே மறுஆக்கம் தொடுதிரைக் கைப்பேசிகளுக்கும் வந்தது. ஷிஃப்ட் அடிக்கு ஈடான மெல்லிய தட்டலைக் கண்ணாடிமேல் கட்டைவிரலால் கொடுக்க வேண்டும், கட்டைவிரலோ விளிம்பையே மறைக்கும். கைப்பேசியில்தான் ஆடுவேன் என்பவர் புளூடூத் கேம்பேடு ஒன்றை இணைத்து, சூப்பர் நின்டெண்டோ பதிப்பை எமுலேட்டரில் (பழைய கருவியைப்போல் நடிக்கும் மென்பொருளில்) ஆடுவது மேல்.